வினைத்தூய்மையும் மூன்று நாடகங்களும்

சென்ற நூற்றாண்டில் ஜெர்மன் மொழியில் எழுந்த மூன்று நாடகங்கள் ஒரே வினாவைச் சுற்றிச் சுழல்கின்றன. பெர்டோல்ட் பிரெக்ட் இயற்றிய ‘கலிலியோவின் வாழ்க்கை’, சுவிட்சர்லாந்தினரான பிரீட்ரிக் டூரன்மாட்டின் ‘இயற்பியலாளர்கள்’, ஹைனர் கிப்பார்ட் ஓப்பன்ஹைமர் விசாரணையை வைத்து 1964-இல் படைத்த நாடகம் ஆகியவையே அவை. தன் அறிவைக் கூலிக்குக் கொடுத்து வாழும் ஒருவன் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பதே அவ்வினா.

இம்மலரைக் கையில் ஏந்தும் குடும்பங்களுக்கு இந்நாடகங்களோடு என்ன உறவு என்று கேட்கத் தோன்றலாம். நெருங்கிய உறவு உண்டு என்பது நம் கருத்து. காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் பிறந்து, படித்த படிப்பு ஒன்றையே முதலாகக் கொண்டு வடக்கே வண்டியேறியவர்களின் வழிவந்தோர் நம்முள் பலர். வீட்டில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் பேச்சு தொடங்கிவிடுகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, முடித்ததும் என்ன சம்பளம் என்று மூன்று வினாக்கள் எழுகின்றன. செய்யப் போகும் வேலை யாருக்கு என்ன செய்யும் என்ற நான்காம் வினாவை, நாம் அறிந்த வீடுகளில், எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதனைக் கேட்ட இலக்கியங்கள் எவ்வாறு கேட்டன, எங்கே தடுமாறின என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரெக்டின் நாடகம் வானத்தில் தொடங்கவில்லை, பாலில் தொடங்குகிறது. வீட்டுப் பணிப்பெண்ணான சார்ட்டி அம்மையாரின் மகன் அந்திரேயா, காலையில் கலிலியோவுக்குப் பால் கொண்டு வருகிறான். பால்காரனுக்குப் பாக்கி நிற்பதையும் நினைவூட்டுகிறான். பதுவாப் பல்கலைக்கழகத்தில் கலிலியோ பெறும் ஊதியம் ஐந்நூறு ஸ்குடி. ஆயிரம் வேண்டும் என்கிறார். கணிதத்தால் பணம் வராது, பணம் வரக்கூடிய ஏதேனும் ஒன்றைச் செய்து காட்டும் என்பது நிருவாகியின் மறுமொழி. ஆலந்திலிருந்து வந்த தொலைநோக்கிச் செய்தி ஒரு மாணவன் வாயிலாக அந்நேரத்தில் காதில் விழ, அதனைத் தம் நெடுங்கால உழைப்பின் பயன் என்று வெனிஸ் குடியரசுக்கு வழங்கி, கேட்ட ஊதியத்தைப் பெற்றுக்கொள்கிறார். மேதை ஒருவரின் வாழ்க்கையைப் பால் பாக்கியிலும் சம்பள உயர்விலும் தொடங்கிய துணிவு பாராட்டத்தக்கது.

இந்நாடகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1633-ஆம் ஆண்டுக்குத் தாவிவிடுகின்றனர். திருச்சபையின் விசாரணை மன்றத்தின் முன் கலிலியோ தம் கொள்கையைக் கைவிட்ட ஆண்டு அது. ஆனால் நம் பார்வையில் நாடகத்தின் திருப்பம் அதற்கு வெகு முன்னரே, 1610-இல், ஒரு வேலை மாற்றத்தில் நிகழ்ந்துவிடுகிறது. வெனிஸ் குடியரசில் ஊதியம் குறைவு. ஆயின் ஆய்வுக்குத் தடையில்லை, துறவியரின் கை அங்கே ஓங்கவில்லை. புளோரன்சு அரசவையில் ஓய்வு உண்டு, நல்ல உணவு உண்டு, பாடம் நடத்தும் சுமை இல்லை; ஆயின் அங்கே திருச்சபையின் நிழல் நீண்டது. நண்பர் சக்ரேதோ போக வேண்டாம் என்று மன்றாடுகிறார். கலிலியோ போகிறார். சான்றுகளைக் காட்டினால் எவரும் ஏற்பர் என்று நம்பிப் போகிறார். நல்ல இறைச்சியையும் எண்ணிப் போகிறார். இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் சித்திரவதைக் கருவிகளைக் காட்டியபோது அவர் பணிந்தார் என்பது உண்மை. பணியவேண்டிய இடத்தில் போய் அமர்ந்தது அதற்கு முன்னரே நடந்தது. தேர்வு என்பது நெருக்கடி வேளையில் மட்டும் நேர்வதன்று. பணியாணையை ஏற்கும் வேளையிலேயே பாதி முடிந்துவிடுகிறது. பிரெக்ட் இதனை விளக்கிச் சொல்லவில்லை. காட்சிகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறார்.

இந்நாடகத்தின் வரலாறும் ஒரு பாடமாகும். 1938-39-இல், நாடிழந்து டென்மார்க்கில் வாழ்ந்தபோது பிரெக்ட் எழுதிய முதல் வடிவில், கலிலியோவின் பணிவு தந்திரமாகவே தோன்றுகிறது. வெளியே பணிந்து, உள்ளே எழுதி, உண்மையை நாடு கடத்திய கிழவர் அவர். பின்னர் 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா எரிந்தது. நடிகர் சார்லஸ் லாட்டனுடன் சேர்ந்து பிரெக்ட் நாடகத்தைத் திருத்தினார்; 1947-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அது மேடையேறியது. இப்போது கலிலியோ தம்மைத் தாமே குற்றஞ்சாட்டுகிறார். மறைத்து எழுதிய நூலைப் பெற்ற அந்திரேயா அவரைப் புகழ, அவர் அப்புகழை ஏற்க மறுக்கிறார். பிந்தைய வடிவில், மருத்துவர்க்கு உறுதிமொழி இருப்பதுபோல் இயற்கையை ஆராய்வோர்க்கும் ஓர் உறுதிமொழி உருவாகியிருக்கலாம், தாம் உறுதியாக நின்றிருந்தால். அவ்வாறு நில்லாமையால் எவரும் விலைக்கு வாங்கத்தக்க திறமைசாலிகளே இனி மிகுவர் என்று வருந்துகிறார். ஒரு குண்டு, எழுதி முடித்த நாடகமொன்றின் நீதியையே தலைகீழாக்கிவிட்டது. இலக்கிய வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சிகள் அரியவை.

எனினும் நம் உள்ளத்தைத் தைப்பது அப்பேச்சன்று. இடையில் வரும் இளந்துறவியின் காட்சியே. அவன் வானியல் கற்றவன். கலிலியோ சொல்வது மெய்யென்று அறிந்தவன். அறிந்தும் வானியலைத் துறக்க எண்ணுகிறான். காரணம், ஊரில் இருக்கும் பெற்றோர். கம்பானியா நாட்டில் நிலத்தோடு போராடும் ஏழை உழவர்கள் அவர்கள். தம் வறுமையை இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், இதற்கெல்லாம் ஒரு பொருள் உண்டு என்ற நம்பிக்கையே அவர்களைத் தாங்குகிறது. உலகம் நடுவில் இல்லை, அது ஓர் உருளும் கல் என்று சொல்லி அந்நம்பிக்கையைப் பறிக்க மகனுக்கு மனமில்லை. கலிலியோ பரிவோடும் சினத்தோடும் மறுமொழி கூறுகிறார்: அவர்களுடைய பசி இறைவன் வைத்த சோதனையன்று, அதனால் கொழுப்போர் உளர். பிறகு கையெழுத்துப் படியொன்றை அவன் முன் போடுகிறார். இளைஞன் அதில் மூழ்கிப் போகிறான். அறிவின் ஈர்ப்பையும் தாயின் பசியையும் ஒரே தட்டில் வைத்த இக்காட்சிக்கு ஈடான ஒன்று மற்ற இரு நாடகங்களிலும் இல்லை.

தாயின் பசி என்றதும் தமிழர்க்கு வள்ளுவர் நினைவுக்கு வருவார். வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில், பெற்றவள் பசித்திருக்கக் காணும் நிலை வந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்கிறார் அவர். இக்குறள் மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுகிறது. ஆயின் அது எங்கே நிற்கிறது என்பதை நோக்குவோர் குறைவு. அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில், அமைச்சரைப் பற்றிய அதிகாரங்களுக்கிடையே நிற்கிறது. அதாவது, கற்ற கல்வியைக் கொண்டு அரசனிடம் பணிபுரிபவனுக்குச் சொல்லப்பட்டது. இன்றைய மொழியில், உத்தியோகத்தில் இருப்பவனுக்கு.

பரிமேலழகர் இவ்விடத்தில் ஒரு நுட்பம் சொல்கிறார். முதிர்ந்த பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடும்போது தீயன செய்தேனும் அவர்களைக் காக்க என்று அறநூல்களில் ஒரு பொதுவிதி உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அவ்விதி அமைச்சர்க்குப் பொருந்தாது என்கிறார். அரசர் தொழிலுக்கு உரியவராயும், மிக மதிக்கப்படுபவராயும் இருப்போர் அச்சலுகையைக் கோர முடியாது என்பது அவர் கருத்து. பசித்தவனுக்கு நெகிழ்ச்சி, பொறுப்பும் மதிப்பும் பெற்றவனுக்கு இறுக்கம். கூலித் தொழிலாளி ஒருவன் வெடிமருந்துச் சாலையில் வேலைக்குப் போவதையும், பட்டம் பல பெற்ற பொறியாளர் ஒருவர் அச்சாலைக்கு வரைபடம் போடுவதையும் ஒரே அளவுகோலால் அளக்கலாகாது என்று இதனை நாம் விரித்துக் கொள்ளலாம். ‘குடும்பத்துக்காகத்தான்’ என்று நாம் சொல்லும் சமாதானம் எந்த வருமானம் வரையில் செல்லும் என்று உரையாசிரியர் ஒருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார். இதைப் படிக்கும்போது சற்றே நெளியத்தான் வேண்டியிருக்கிறது.

கிப்பார்ட்டின் நாடகம் வேறு வகையானது. 1954-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஓப்பன்ஹைமரின் நம்பகத்தன்மையை விசாரித்தபோது எழுதப்பட்ட, ஏறத்தாழ ஆயிரம் பக்கமுள்ள பதிவை மூலமாகக் கொண்டது. அணுகுண்டு செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், ஹைட்ரஜன் குண்டுக்கு 1949-இல் தடை சொன்னார். அத்தடையும் பழைய நட்புகளும் அவருக்கு எதிரான சான்றுகளாயின. விசாரணையில் அவர் ஒன்றை ஒப்புக்கொண்டார்: நுட்ப அளவில் இனிக்கும் ஒன்றைக் கண்டால் அறிவியலாளன் அதைச் செய்து முடித்துவிடுகிறான், அதை வைத்து என்ன செய்வது என்ற வாதமெல்லாம் பிறகுதான். மூன்று நாடகங்களிலும் உள்ள கற்பனைப் பேச்சுகள் அனைத்தையும்விட இவ்வொப்புதல் நம்மை அஞ்ச வைக்கிறது. கணிப்பொறியின் முன் இரவெல்லாம் விழித்திருக்கும் நம் பிள்ளைகளை இழுப்பதும் அந்த இனிப்பே.

முடிவில் ஓப்பன்ஹைமர் தம் செயலுக்கு இரங்கிப் பேசுவதாகக் கிப்பார்ட் ஓர் உரையை எழுதிச் சேர்த்தார். உயிரோடிருந்த ஓப்பன்ஹைமர் அதனை ஏற்கவில்லை. தாம் சொல்லாததைத் தம் வாயில் இட்டதாகக் கண்டித்தார். யார் பக்கம் நியாயம்? வரலாற்றின்படி ஓப்பன்ஹைமர் பக்கமே. ஆனால் நாடகக் கலை நோக்கிலும் அவ்வுரை பலவீனமானது என்பது நம் துணிபு. மீண்டும் வள்ளுவரிடம் செல்வோம். பின்னர் எண்ணி இரங்கும்படியான செயலைச் செய்யாதே, செய்துவிட்டால் அன்னதைச் செய்யாதிருத்தல் நன்று என்பது அதே அதிகாரத்தின் மற்றொரு குறட்கருத்து. ‘அன்னது’ என்பது எதைக் குறிக்கிறது? அத்தகைய செயலை மீண்டும் செய்யாதே என்று இன்று பலரும் கொள்கின்றனர். பரிமேலழகரோ, பின்னர் உட்கார்ந்து இரங்கிக்கொண்டிருப்பதைச் செய்யாதே என்று உரைக்கிறார். முன்னைய உரைப்படி, முதற்குண்டைச் செய்தபின் அடுத்த குண்டுக்குத் தடை சொன்ன ஓப்பன்ஹைமருக்கு ஓர் இடம் உண்டு. பரிமேலழகர் உரைப்படி, கிப்பார்ட் எழுதிய புலம்பலுக்கு இடமில்லை. இரண்டு உரைகளும் சேர்ந்து அந்நாடகத்துக்கு நேர்த்தியான திறனாய்வாகிவிடுவது வியப்புக்குரியது.

இம்மூன்று நாடகங்களின் மேடையிலும் ஏறாத ஒருவர் உண்டு. வார்சாவில் 1908-இல் பிறந்த ஜோசப் ராட்பிளாட் அவர். 1939-இல் ஆய்வுக்காக இங்கிலாந்தின் லிவர்பூலுக்குச் சென்றார். மனைவி போலந்தில் சிக்கிக்கொண்டார், மீளவே இல்லை. ஹிட்லர் முந்திக்கொண்டால் என்னாகும் என்ற அச்சத்தாலேயே 1944-இல் லாஸ் அலமாஸ் குண்டுத் திட்டத்தில் சேர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில், ஜெர்மானியர் அம்முயற்சியைக் கைவிட்டனர் என்ற செய்தி கிடைத்தது. தாம் வந்த காரணம் தீர்ந்தது என்று கருதி, டிசம்பரில் வெளியேறினார். அவரை ஒற்றர் என்று ஐயுற்றனர். ரயில் பயணத்தில் அவருடைய தாள்கள் அடங்கிய பெட்டி காணாமற்போயிற்று. பின்னர் அவர் அணு இயற்பியலை மருத்துவத்துக்குத் திருப்பினார். இலண்டனில் மருத்துவமனையொன்றைச் சார்ந்த கல்லூரியில் பேராசிரியரானார். 1955-இல் ரசல்–ஐன்ஸ்டீன் அறிக்கையில் கையொப்பமிட்டவருள் இளையவர் அவரே. 1995-இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், அறிவியலாளர்க்கும் மருத்துவர்க்குரியதுபோல் ஓர் உறுதிமொழி வேண்டும் என்றார். பிரெக்டின் கலிலியோ ஏங்கியதை, பல ஆண்டுகள் கழித்து, ஏங்கும் தேவையில்லாத ஒருவர் கேட்டார்.

தம்மோடிருந்தவர்கள் ஏன் வெளியேறவில்லை என்று அவர் 1985-இல் எழுதிய கட்டுரையில் எண்ணிப் பார்க்கிறார். கணக்கு சரியாக வருமா என்று காணும் ஆவல் சிலருக்கு. ஜப்பானியப் போர் முடியட்டும் என்ற தவணை சிலருக்கு. எதிர்கால உத்தியோகம் கெடும் என்ற அச்சம் சிலருக்கு. இவர்களும் சிறுபான்மையினரே, பெரும்பாலோரை மனச்சான்று தொல்லைப்படுத்தவே இல்லை, முடிவைப் பிறரிடம் விட்டுவிட்டு நிம்மதியாயிருந்தனர் என்று எழுதுகிறார். நாடகாசிரியர்கள் இந்தப் பெரும்பாலோரை விட்டுவிட்டது பெருங்குறை. பிரெக்ட் மட்டும் கண்ணாடி தேய்க்கும் பெதர்சோனியைக் கலிலியோவின் அருகில் வைத்தார். இலத்தீன் அறியாத அத்தொழிலாளி, பிறர் இலத்தீனில் வாதிடும்போது புறத்தே நிற்கும் காட்சி மறக்கத்தக்கதன்று. மற்றபடி மூன்று நாடகங்களும் மேதைகளின் மனப்போராட்டமே. உலகில் வேலைக்குப் போகும் இளைஞருள் மேதைகள் எத்தனை பேர்?

மறுத்து வெளியேறுவது ஒன்றே தூய வழி என்பதுபோல் இந்நாடகங்கள் எண்ண வைப்பதும் சரியன்று. நம் நாட்டில் அமுல்ய ரெட்டி என்னும் மின்வேதியியலறிஞர் இருந்தார் (1930–2006). 1970-இல் அவர் பாக்ரிசுடன் இணைந்து எழுதிய பாடநூல் அத்துறையில் புகழ்பெற்றது. அத்தகையவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் ‘அஸ்திரா’ என்ற அமைப்பைத் தொடங்கி, சிற்றூர்களின் விறகடுப்பையும் சாண எரிவாயுவையும் ஆராயப் புகுந்தார். புகை குறைத்து விறகு மிச்சம் பிடிக்கும் அடுப்பும், கர்நாடகத்தின் புரா என்னும் ஊரில் சாணவாயுவால் இறைத்த குடிநீரும் எரிந்த விளக்கும் அம்முயற்சியின் விளைவுகள். அடுப்பில் வெப்பம் எங்கெங்கே வீணாகிறது என்று அளப்பதும் கடினமான இயற்பியலே. இதில் மேடைக்கு வேண்டிய கொந்தளிப்பு இல்லை. ஆகவே நாடகமும் இல்லை.

இனி டூரன்மாட்டிடம் வருவோம். ‘இயற்பியலாளர்கள்’ 1962-இல் சூரிக் நகரில் அரங்கேறியது. மோபியஸ் என்னும் மேதை, தம் கண்டுபிடிப்பு உலகை அழிக்கும் என்று அஞ்சி, சாலமோன் மன்னர் தமக்குக் காட்சி தருவதாகப் பைத்தியம் போல் நடித்து மனநோய் விடுதியில் ஒளிந்துகொள்கிறார். நியூட்டன் என்றும் ஐன்ஸ்டீன் என்றும் தம்மைச் சொல்லிக்கொள்ளும் வேறு இருவர் அங்கே உளர். அவர்கள் இரு வல்லரசுகளின் ஒற்றர்கள். மோபியஸ் தம் தாள்களை எரித்துவிடுகிறார். மற்ற இருவரையும் அங்கேயே தங்கிவிட இணங்கவும் வைக்கிறார். அதன்பின்தான் விடுதித் தலைவியான மருத்துவ அம்மையார் அத்தாள்களை முன்பே படியெடுத்துவிட்டார் என்பதும், அவ்விடுதியில் உண்மைப் பைத்தியம் அவரே என்பதும் தெரிய வருகின்றன. எல்லாரையும் பற்றிய ஒன்றை எல்லாரும் சேர்ந்தே தீர்க்க முடியும், ஒருவன் தனித்து நின்று தீர்க்க முயல்வது வீண் என்பது ஆசிரியர் தம் நாடகத்துக்குச் சேர்த்த குறிப்புகளின் சாரம்.

இக்கருத்தைப் பொய்யென்று தள்ள இயலாது. 2018-இல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஆளில்லா விமானங்கள் எடுக்கும் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஆராயும் மேவன் திட்டத்தில் தம் நிறுவனம் பங்கேற்பதை எதிர்த்துக் கூகுள் ஊழியர் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். சிலர் வேலையையும் விட்டனர். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. படைக்கலங்களுக்குத் தன் நுண்ணறிவைத் தருவதில்லை என்று கொள்கையும் வகுத்தது. தனியொருவன் செய்ய முடியாததைக் கூட்டம் செய்தது. ஆயின் 2025 பிப்ரவரியில் அவ்வுறுதிமொழி கொள்கையிலிருந்து எடுக்கப்பட்டது. டூரன்மாட் உயிரோடிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அந்த ஏழாண்டுகள் ஒன்றுமில்லாதவை என்று நாம் சொல்ல மாட்டோம். ராட்பிளாட்டின் விலகலால் குண்டு நிற்கவில்லை என்பதற்காக அவர் விலகலை வீணென்று சொல்ல முடியாததைப் போன்றே.

டூரன்மாட்டின் மீது நமக்குள்ள குறை வேறு. முதற்பகுதியில் மோபியஸின் மனைவி லீனா மூன்று மகன்களோடு வருகிறாள். வறிய சிறுவனாயிருந்த மோபியஸைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள். விடுதிச் செலவைக் கட்டிக் கட்டி ஓய்ந்துபோய், இப்போது ஒரு சமயத் தொண்டரை மணந்துகொண்டு, பிள்ளைகளுடன் மரியானாத் தீவுகளுக்குப் புறப்படுகிறாள். கணவனிடம் விடைபெற வந்திருக்கிறாள். மகன்கள் தந்தைக்குத் தம் எதிர்காலத்தைச் சொல்கின்றனர். கடைசி மகன் ஜார்க்-லூக்காஸ், தான் இயற்பியலாளன் ஆக விரும்புவதாகச் சொல்கிறான். தந்தை பதறிப்போகிறார். கூடவே கூடாது, அந்த எண்ணத்தையே விட்டுவிடு, நானே ஆகியிருக்கக் கூடாது என்கிறார்.

மூன்று நாடகங்களையும் அலசிப் பார்த்தால், ஒரு பிள்ளை தன் தொழிலைப் பெற்றவரிடம் சொல்லும் இடம் இது. நம் வீட்டுக் கூடத்தில் நடப்பது அப்படியே இங்கு நடக்கிறது. ஏன் கூடாது என்று பையன் கேட்டிருந்தால் மோபியஸ் என்ன சொல்லியிருப்பார்? ராட்பிளாட்டைப் போல் ஆகலாம் என்றிருப்பாரா, அடுப்பைச் சீர்செய்யப் போ என்றிருப்பாரா, அந்திரேயாவுக்குக் கலிலியோ நாற்காலியைச் சுற்றி நகர்த்திப் பூமியின் சுழற்சியைக் காட்டியதுபோல் எதையேனும் காட்டியிருப்பாரா? டூரன்மாட்டுக்குப் பொறுமையில்லை. பையன்களைக் குழலூதச் சொல்லிவிட்டு, தந்தையை மீண்டும் சாலமோன் வெறியில் தள்ளி, குடும்பத்தை அச்சுறுத்தி வெளியே அனுப்பிவிடுகிறார். அரங்கில் சிரிப்பும் நடுக்கமும் எழும் நல்ல காட்சிதான். ஆனால் ஜார்க்-லூக்காஸ் சொன்னது அப்படியே நிற்கிறது. அவன் தாயோடும் புதிய தந்தையோடும் மரியானாத் தீவுகளுக்குப் போய்விடுகிறான்.